ஜீப்பில் ஏறிய காய்ச்சல்

ஐஸ்பெட்டி என்றால் சுகாதார ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. தடுப்பூசி மருந்துகளை அடுக்கிய குளிர்பெட்டியை ஜீப்பில் ஏற்றி, சொன்ன இடத்தில் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. பெட்டி மேல் வெயில் பட விடமாட்டார். அனல் காற்று அடித்தால் மருந்து கெட்டுவிடும் என்று வண்டியின் கண்ணாடிகளை மேலே வரை ஏற்றிவிட்டு, வியர்வையில் குளித்துக்கொண்டே ஓட்டுவார். பெட்டி மூடியிருக்கும்வரை வெளிக்காற்று அதை ஒன்றும் செய்யாது என்று பெரிய சிஸ்டர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. கேட்டால்தானே. வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம், மருந்து கெட்டால் என்ன செய்வது என்று திருப்பிக் கேட்பார். அந்தப் பெட்டிக்குச் செய்கிற சேவையில் கால்வாசி எனக்குச் செய்திருந்தால் நான் இன்னும் குமரியாகவே இருந்திருப்பேன் என்பது அவர் சம்சாரத்தின் குறை.

பள்ளிக்கூடத்தை அவர் விட்டாரா, பள்ளிக்கூடம் அவரை விட்டதா என்று சரியாகத் தெரியாது. மீசை முளைக்கும் முன்பே லாரியில் கிளீனர். பிறகு அதே லாரியில் டிரைவர். முதுகு போன பிறகுதான் இந்த ஜீப். முரட்டு ஆள், வாய் துடுக்கு. யாருக்கும் பயந்து பார்த்ததில்லை என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அது தப்பு. ஒரு சத்தத்துக்குப் பயப்படுவார். சின்ன வயதில் அவருக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் தட்டம்மை வந்தது. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தம்பிக்கு நெஞ்சில் இறங்கிவிட்டது. தண்ணீர் வற்றிய கிணற்றில் மோட்டார் போட்டால் காற்றை இழுக்குமே, அப்படி ஒரு மூச்சு. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் வீட்டில் அழ ஆரம்பித்தார்கள். தம்பியின் அந்த மூச்சைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் பெட்டியை அவர் தூக்கும் தோரணையைப் பார்த்தவர்களுக்கு ஏதோ இருக்கிறது என்று தெரியும்.

ஒரே மகள். அவளுக்குக் கல்யாணமாகி நெடுநாள் வயிறு திறக்காமல், கோபித்துக்கொண்ட கடவுளெல்லாம் சமாதானமான பிறகு ஒரு பெண் குழந்தை. மாப்பிள்ளை கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி தண்ணீர் மேல். அதனால் மகளும் கைக்குழந்தையும் அப்பா வீட்டில். குழந்தைக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. பொடிசு என்று கூப்பிட்டார்கள். ஐஸ்பெட்டி வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் பொடிசுதான், அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவது.

ஒரு திங்கட்கிழமை, மழை. மருந்தை இறக்கிவிட்டு மீதியோடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் பெரிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் தகரக் கொட்டகைகள், வேலைக்கு வந்த குடும்பங்கள். இந்த மாதம் இங்கே, அடுத்த மாதம் எங்கேயோ. ஊசி போடுகிறவர்கள் வரும்போது இவர்கள் கிளம்பியிருப்பார்கள். இவர்கள் வந்து இறங்கும்போது ஊசிக்காரர்கள் முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்தக் கொட்டகைகளுக்கு எதிரில் ஒரு பெண், தலையில் சிமெண்டுப் பையைக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் நாலு வயதுப் பையனோடு நின்று கையை ஆட்டினாள்.

மருந்து வண்டியில் வெளியாள் ஏறக் கூடாது. அது சட்டம். ஐஸ்பெட்டி ஒரு நாளும் மீறியதில்லை. அன்றைக்கு மீறினார். பையனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி வாசலில் விட்டால் போதும் என்றாள். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, பையன் இருமிக்கொண்டே இருந்தான். சிமெண்டுத் தூசி என்று நினைத்துக்கொண்டார். அந்த இடத்தில் கண் சிவக்காத ஆள்தான் அதிசயம். உடம்பில் ஒரு புள்ளி இல்லை. இருவரையும் முன்சீட்டில் உட்காரவைத்தார். வெளியே மழை, பின்னால் பெட்டி. கண்ணாடி கழுத்து வரை ஏறியிருந்தது. பையன் இருமி டாஷ்போர்டில் தெறித்ததைத் துணியால் துடைத்துவிட்டு ஓட்டினார்.

ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தினார்.

"இங்கயே இறங்கிக்கம்மா. என் வண்டில வந்தேன்னு யார் கேட்டாலும் சொல்லாத. என் வேலை போயிடும்."

அவள் தலையை ஆட்டினாள். பையனைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினாள்.

வண்டியைத் திருப்புவதற்குள் மகளிடமிருந்து போன். கடைக்கு வந்தவள் குழந்தையோடு பஸ் நிறுத்தத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தப்பைச் செய்தவனுக்கு இரண்டாவது தப்பு பழக்கமாகிவிடுகிறது. போய் ஏற்றிக்கொண்டார். பொடிசு சீட்டில் நின்று டாஷ்போர்டைத் தட்டி விளையாடி, பிறகு அம்மா மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனது. கண்ணாடியை இறக்கவே இல்லை. குழந்தைக்குச் சாரல் படக் கூடாதே.

புதன்கிழமை காலை பெரிய சிஸ்டர் முகக்கவசத்தோடு ஜீப்பில் ஏறினார். சிஸ்டர் ஐஸ்பெட்டியைவிடச் சின்னவர். ஆனால் அவர் நடந்தால் ஆபீஸே எழுந்து நிற்கும். ஆஸ்பத்திரியில் ஒரு பையனைச் சேர்த்திருக்கிறார்கள், உடம்பெல்லாம் புள்ளி, தட்டம்மை போலத்தான் இருக்கிறது, பிறந்ததிலிருந்து ஊசியே போடாத பிள்ளை என்றார். ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. பையன் எங்கெல்லாம் போனான், யார் யார் பக்கத்தில் இருந்தான் என்று இன்றைக்கே பிடித்தாக வேண்டும். புள்ளி வருவதற்கு நாலு நாள் முன்னாலிருந்தே அது ஒட்டிக்கொள்ளுமாம். ஐஸ்பெட்டி உம் கொட்டிக்கொண்டே ஓட்டினார். இந்த மாதிரி எத்தனை கேட்டிருப்பார்.

ரத்தக் குப்பிக்கென்று இருந்த சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிஸ்டர் பின்னால் போனவர், தனி வார்டின் கதவில் நின்றார். கட்டிலில் அந்தப் பையன். முகம் வீங்கி, சிவந்து, மூக்கில் குழாய். அந்த மூச்சு. கிணற்றடி மோட்டார் மூச்சு. எத்தனையோ வருஷம் கழித்து அதே சத்தம்.

பக்கத்தில் அவன் அம்மா. அவள் அவரைப் பார்த்தாள். சிஸ்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னாள். திங்கட்கிழமை எதில் வந்தாய் என்று கேட்டபோது மட்டும் அவள் கண் ஒரு தடவை கதவுப் பக்கம் வந்து போனது.

"ஷேர் ஆட்டோல வந்தேங்க."

"எந்த ஆட்டோ? டிரைவர் எப்படி இருந்தார்?"

"மழைல பாக்கலீங்க."

அதற்கப்புறம் அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். ஐஸ்பெட்டிக்குப் பெட்டியின் பிடி கையில் வழுக்கியது.

அங்கிருந்து நேராக ஆட்டோ ஸ்டாண்டு. அங்கே மீசை என்று ஒரு ஆட்டோக்காரர்தான் எல்லாருக்கும் பெரியவர். சிஸ்டர் விசாரிக்க ஆரம்பித்ததும் கூட்டம் கூடிவிட்டது. திங்கட்கிழமை அந்த ரோட்டில் ஓடியது மீசையின் வண்டி மட்டும்தான் என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். குழந்தையே ஏறவில்லை என்று மீசை அடித்துச் சொன்னார். யார் கேட்கிறார்கள்? அவர் ஆட்டோவில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் சத்தமில்லாமல் இறங்கி, சேலையால் பிள்ளையின் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனாள். மீசை ஐஸ்பெட்டியைப் பார்த்து, நீயே சொல்லுய்யா, என்னை எத்தனை வருஷமாத் தெரியும், பொய் சொல்ற ஆளா நான் என்று கேட்டார். ஐஸ்பெட்டி டயரைக் குனிந்து பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது.

ஜீப் கிளம்பியது. அடுத்து கொட்டகைகள், பிறகு திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள். சிஸ்டர் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐஸ்பெட்டி தொண்டையைச் செருமினார்.

"ஏன் சிஸ்டர், அந்தப் பையன் இருந்துட்டுப் போன எடத்துல காத்து எவ்வளவு நேரம் கெட்டு நிக்கும்?"

"ரெண்டு மணி நேரம் கூட நிக்கும்ணே. அடைச்ச இடமா இருந்தா சொல்லவே வேணாம்."

"கைக்குழந்தைக்கு?"

"கைக்குழந்தைக்குத்தான் முதல்ல. அம்மாகிட்ட இருந்து வந்த பலமெல்லாம் ஏழு எட்டு மாசத்துல கரைஞ்சு போயிருக்கும். ஊசி ஒன்பது மாசத்துலதான். நடுவுல அதுங்க வெறும் கூடு." அடுத்த எண்ணைத் தேடிக்கொண்டே சொன்னார்: "நோய் பட்டிருக்குன்னு தெரிஞ்சா ஆறு மாசத்துக்கே போடுவோம். ஆனா பட்டு மூணு நாளுக்குள்ள போட்டாத்தான் பெரும்பாலும் தப்பிக்கும்."

திங்கள், செவ்வாய், புதன். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் அந்தக் கணக்கு தெரியும்.

முதலில் குறுக்கு வழிதான் தோன்றியது. பேத்திக்கும் ஒரு ஊசி போட்டுவிடுங்கள் என்று சும்மா கேட்டுப் பார்க்கலாமா? அவர் வீடு இருப்பது ஊரின் மறு கோடி. பட்ட பிள்ளை என்று காரணம் இல்லாமல் ஏழு மாதக் குழந்தைக்கு சிஸ்டர் மருந்தைத் தொட மாட்டார். முதுகுக்குப் பின்னால் பெட்டி. பெட்டிக்குள் மருந்து. இத்தனை வருஷம் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் சுமந்துபோன மருந்து, கைக்கெட்டும் தூரத்தில். எடுத்துக்கொடுக்க அவர் வாயில் ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான். அந்த வார்த்தை வந்தால் வேலை போகும். வேலையாவது மயிராவது. மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

ரோட்டோரமாக வண்டியை நிறுத்தினார்.

"சிஸ்டர், ஆட்டோவைத் தேடாதீங்க. அந்தப் பையன் வந்தது இந்த வண்டில. நீங்க உக்காந்திருக்கிற சீட்ல."

சிஸ்டர் போனைக் கீழே இறக்கினார். ஐஸ்பெட்டி மிச்சத்தையும் சொன்னார். மகள், பொடிசு, மழை, கண்ணாடி. சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது.

"காலைல இருந்து பக்கத்துலயே உக்காந்துகிட்டு, ஊர் ஆட்டோவையெல்லாம் என்னை மோப்பம் பிடிக்க விட்டீங்களேண்ணே."

சிஸ்டர் கையிலிருந்த நோட்டைத் திறந்தார்.

"அப்புறம் வேற யார் ஏறினாங்க? ஒருத்தரையும் விடாம சொல்லுங்க."

வேறு யாரும் இல்லை. சிஸ்டர் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, "திட்டுறதை நான் பாக்கி வச்சுக்கறேன். வண்டிய உங்க வீட்டுக்கு விடுங்க" என்றார். போகும்போதே ஆபீஸின் தலைமை டாக்டருக்குப் போன் போட்டு அனுமதி வாங்கினார். போனுக்கு வெளியே கேட்கும்படி டாக்டர் கத்தினார். வேறு டிரைவர் இருந்தால் இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், இல்லை, அதனால் வண்டியை எடுக்கச் சொல் என்பதுதான் அதில் புரிந்தது.

வீட்டில் மகள் பொடிசை மடியில் போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் சொல்லட்டும் என்று பின்னால் ஒதுங்கப் பார்த்தார். சிஸ்டர் வாசலில் நின்றுவிட்டு, உள்ளே போங்கள் என்று தலையை அசைத்தார். அவரே சொன்னார். எந்தச் சொல்லில் ஆரம்பித்தோம், எதில் முடித்தோம் என்று அப்புறம் அவருக்கு ஞாபகமில்லை. சம்சாரம் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மகள் மட்டும் நகவெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அந்தப் பையன் எந்த சீட்ல உக்காந்திருந்தான்?"

"நீ உக்காந்த சீட்லம்மா."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். எல்லாக் கண்ணாடியும் இறக்கிய ஜீப்பில், பின்சீட்டில், அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்து வந்தாள்.

ஆயிரக்கணக்கில் ஊசி மருந்தைச் சுமந்தவர். ஒன்றைக்கூடக் குத்துவதைப் பார்த்ததில்லை, பயம். அன்றைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொடிசு வீறிட்டது. அந்த அழுகையில் நெஞ்சு நிறைய மூச்சு இருந்தது. அதை மட்டும் கவனித்தார். மூன்று வாரம் குழந்தையை வெளியே கொண்டுபோகக் கூடாது, வேறு குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது என்றார் சிஸ்டர். மகள் சின்ன வயதில் ஊசி போட்டுக்கொண்டவள், அவளுக்குப் பயமில்லை. குழந்தை தப்பித்துவிடுமா என்று மகள் கேட்டாள். பெரும்பாலும் என்றார் சிஸ்டர்.

அந்தச் சொல் ஐஸ்பெட்டியின் தொண்டையில் மீன் முள்ளாக மாட்டிக்கொண்டது. கல்யாணத்துக்குப் பெரும்பாலும் வருவேன் என்று சொன்ன எவனாவது வந்திருக்கிறானா?

மறுநாள் காலை முதல் வேலையாக ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், எல்லார் எதிரிலும் உண்மையைச் சொன்னார். மீசை அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சவாரி போனாக்கூடப் பரவாயில்லய்யா. என் சொந்த மச்சினியே பிள்ளையத் தூக்கிட்டு எதிர்ப்பக்கமா நடந்து போறா. அதுக்கு என்ன பண்ணுவே?"

அவளிடமும் போய்ச் சொல்கிறேன் என்றார். சொல்லவும் சொன்னார்.

அப்புறம் ஓட்டம்தான். ரத்தம் தட்டம்மைதான் என்று சொல்லிவிட்டது. கொட்டகைகளில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குப் புள்ளி வந்தது. சிஸ்டர் கொட்டகை கொட்டகையாகக் குனிந்து நுழைந்து, காய்ச்சல் உண்டா, புள்ளி உண்டா என்று கேட்டார். சில பேர் பிள்ளையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். நோய் இருக்கிறது என்று தெரிந்தால் மேஸ்திரி துரத்திவிடுவானோ என்ற பயம். ஒளிக்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று ஐஸ்பெட்டிக்கு இப்போது நன்றாகத் தெரியும். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அவர்களிடம் போய்ப் பேசுவார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. தொட்டிக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள் வந்தன.

வீட்டுக்குப் போனால் நிலைமை வேறு. மகள் பொடிசோடு உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். அவரோடு பேச்சில்லை. அவர் குளித்து, துணி மாற்றி, கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து காதைத் தீட்டுவார். உங்களுக்குத்தான் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டதே, உங்களிடமிருந்து ஒட்டாது, போய்ப் பாருங்கள் என்று சம்சாரம் தள்ளினாள். அவர் நகரவில்லை. உள்ளே குழந்தை தும்மினால் இங்கே அவர் எழுந்து நிற்பார். ஆஸ்பத்திரியில் அந்தப் பையனை எத்தனை மருந்து காப்பாற்றப் பார்க்கிறது என்று தினமும் பெட்டியோடு போகும்போது வார்டின் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். அதே கட்டிலில் பொடிசு கிடப்பதாகக் கண்ணில் ஓடும். தலையை உதறிக்கொண்டு வண்டியை எடுப்பார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் சம்சாரத்தின் போன் வந்தது. அப்போது கொட்டகையில் இருந்தார்.

"பொடிசுக்கு உடம்பு சுடுது. மூக்கு ஒழுகுது. நீங்க வாங்க."

சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு எப்படி வந்து சேர்ந்தார் என்பது ரோட்டில் போனவர்களுக்குத்தான் தெரியும். சிஸ்டர் டார்ச்சை அடித்துக் குழந்தையின் வாய்க்குள் கன்னத்தோரம் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். கழுத்தில் இரண்டு மூன்று சிவப்புப் புள்ளி இருந்தது. மகள் அதைக் கண்டுபிடித்து ஏற்கெனவே அழுது முடித்திருந்தாள்.

"ஊசியோட காய்ச்சலும் இந்த சமயத்துலதான் எட்டிப் பாக்கும். நோயோட காய்ச்சலும் இப்பதான். ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி, முகத்தைப் பாத்துச் சொல்ல முடியாது." சிஸ்டர் குச்சியால் தொண்டையைத் தடவி எடுத்துக் குப்பியில் போட்டார். "பால் குடிக்கிறாளா பாரு. மூச்சு வேகமா இழுத்தா அந்த நிமிஷமே எனக்குப் போன் பண்ணு."

மூச்சு. கடைசியில் அங்கேதான் வந்து நின்றது.

அன்றும் மறுநாளும் ஐஸ்பெட்டி கதவை விட்டு எழவில்லை. சாப்பாட்டுத் தட்டு வந்தது, அப்படியே போனது. டாக்டர் போன் செய்தபோது, வேறு ஆளை அனுப்புங்க, நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கதவின் மரத்தில் காதை ஒட்டவைத்தார். குழந்தையின் மூச்சை எண்ணப் பார்த்தார். தன் மூச்சும் அதுவும் கலந்துபோயின. தன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். உள்ளே சீறல் போல ஒன்று கேட்டது. எழுந்து கதவைத் தட்டக் கையை ஓங்கினார். மகள் துணி பிழியும் சத்தம் அது. மறுபடி உட்கார்ந்தார். தம்பி கிடந்த பாயின் ஓரத்தில் ஒரு பையன் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான். அந்தப் பையனுக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. இவருக்கு எல்லாம் புரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

அதற்கடுத்த நாள் சிஸ்டர் வந்து மறுபடி பார்த்தார். புள்ளி முகத்துக்கு ஏறவில்லை, உடம்புக்கு இறங்கவில்லை. இருந்த இரண்டு மூன்றும் மங்கிவிட்டன. காய்ச்சல் விட்டிருந்தது. நிஜமான தட்டம்மை என்றால் இந்நேரம் புள்ளி முகத்தை மூடி, காய்ச்சல் உச்சிக்கு ஏறியிருக்கும், இது ஊசிக் காய்ச்சல்தான் என்றார். தொண்டையில் எடுத்த குச்சி பதில் சொல்ல நாளாகும், ஆனால் தன் கண் சொல்கிறது, பிள்ளை தப்பித்தாள் என்றார். போகிற போக்கில், ஆஸ்பத்திரிப் பையனுக்கும் மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள், கஞ்சி குடிக்கிறான், ஆனால் எழுந்து ஓட நெடுநாளாகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐஸ்பெட்டி கேட்டார். தலையை ஆட்டினார். கதவை விட்டு நகரவில்லை. சிஸ்டர் கண்ணை நம்பலாம். ஆனாலும் காது இருக்கிறதே, அது நம்ப மாட்டேன் என்றது. சாய்ந்தபடியே இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்து யாரோ கதவைத் தள்ளினார்கள். முதுகில் இடித்தது.

"அப்பா, கதவுல சாஞ்சா நான் எப்படித் திறக்கறது? தள்ளி உக்காருங்க."

கால் மரத்துப் போயிருந்தது. நகர முடியாமல் பக்கவாட்டில் கையை ஊன்றினார்.

"மூச்சு எப்படிம்மா இருக்கு?"

"பசிக்கு என்னைக் கடிக்கிறா. மூச்சுக்கு என்ன?" மகள் கதவிடுக்கில் முகத்தைக் காட்டினாள். கண்கள் வீங்கியிருந்தன. "நீங்களே கேட்டுக்கங்க. எனக்குக் குளிக்கணும்."

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. துண்டில் சுற்றிய பொடிசு அவர் மடிக்கு வந்தது. அவர் அதைத் தூக்கவில்லை, கொஞ்சவில்லை. குனிந்து அந்தச் சின்ன நெஞ்சில் காதை வைத்தார். வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.